வெயிலுக்குத் தப்பிய பாசி

திருவனந்தபுரத்தில் என் கண்ணில் முதலில் பட்டவை மதில்கள். பத்மநாபசுவாமி கோவிலைப் பார், சங்குமுகம் கடற்கரையைப் பார் என்றுதான் எல்லோரும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஆட்டோ போன வழியெல்லாம் நான் மதில்களையே பார்த்துக்கொண்டு வந்தேன். பச்சை மதில், கரி பூசியது போன்ற கறுப்பு மதில், சுண்ணாம்பு உரிந்த இடத்தில் மட்டும் பாசி ஏறிய மதில். கிளிநொச்சியில் மாரி மழைக்கு மதிலில் பாசி பிடிக்கும். பங்குனி வெயில் வந்தால் பொருக்காகி உதிர்ந்துவிடும். இங்கே பங்குனியிலும் அது உயிரோடு இருந்தது.

"சேச்சி, பாலக்காட்டு ஆளா?" என்று ஆட்டோக்காரர் மலையாளத்தில் கேட்டார்.

"இல்லை, இலங்கை. தமிழ்தான் கதைக்கிறன்."

அவர் நம்பவில்லை. இது தமிழ் என்றால் எனக்கு ஏன் முழுதாகப் புரிகிறது என்று திருப்பிக் கேட்டார். நான் சிரித்தேன். எங்கள் ஊரில் வாயாடுகிறவர்களை "பறையாமல் இரு" என்று அதட்டுவோம். இவர்கள் பேசச் சொல்லி "பறயூ" என்று கெஞ்சுகிறார்கள். சொல் ஒன்றுதான். புட்டும் ஒன்றுதான், குழலில் அவித்துத் தள்ளுகிற விதமும் ஒன்றுதான். ஆனால் இவர்கள் அதற்குக் கடலைக்கறியும் பழமும் வைத்துக்கொண்டு, இடித்த தேங்காய்ச் சம்பல் என்ற ஒன்று உலகில் இருப்பதே தெரியாமல் இருக்கிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் நாங்கள் முன்னேறியவர்கள்.

நான் வந்தது சுற்றிப் பார்க்க அல்ல. கிளிநொச்சிக்கு வெளியே ஒரு கிராமத்தில் ஆறு பெண்கள் சேர்ந்து சுருள்பாசி வளர்க்கிறோம். பார்த்தால் பச்சைத் தண்ணீர். உருப்பெருக்கியில் பார்த்தால் சுருண்ட நூல்கள். வடித்துக் காயவைத்து அரைத்தால் சத்துமா. பாலர் பள்ளிகள் எங்களிடம் கேட்டு வாங்குகின்றன. அதாவது, கொடுக்க முடிந்த காலத்தில் வாங்கின. தொட்டியைக் கழுவி, அறைக்குள் வளர்த்த பாசியைப் புதிதாக விட்டபோது அது மஞ்சளாகி, நாறி, செத்தது. மறுபடி விட்டோம். மறுபடியும் செத்தது. கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், அதனால்தான் என்று பார்க்க வந்த அலுவலர் சொன்னார். தண்ணீர் அல்ல, வெயில் என்று நான் சொன்னேன். வெயில் இல்லாமல் பாசி எப்படி வளரும் என்று கேட்டுவிட்டு அவர் மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

மூன்றாவதாக விட்ட பாசிக்கு மேலே நிழல் வலை கட்டி வைத்தோம். அதுவும் செத்தால், தொட்டியோரம் பாசி காயவைக்கிற எங்கள் கொட்டகையைத் தையல் வகுப்புக்குக் கொடுத்துவிடுவோம் என்று மாதர் சங்கம் முடிவெடுத்தது. தையலோடு எனக்குப் பகை இல்லை. ஆனால் அந்தக் கொட்டகைக்குக் கூரை போட்டது எங்கள் ஆறு பேரின் கைகள்.

இணையவழி வகுப்பு ஒன்றில் கோமதியைச் சந்தித்தேன். பாசிகள் கடும் வெளிச்சத்திலிருந்து தங்களை எப்படிக் காத்துக்கொள்கின்றன என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. கேள்வி நேரம் முழுவதையும் நானே எடுத்துக்கொண்டு அவளோடு வாதாடினேன். கடைசியில், "இப்படி ஸ்க்ரீன்ல சண்டை போட்டா சரியாகாது. நேர்ல வாங்கோ," என்றாள். வந்துவிட்டேன்.

ஸ்ரீவராகத்தில் அவள் வீடு. ஒட்டிய சுவர்களோடு நீளமாகப் போகிற அக்கிரகாரத் தெரு. அவளுக்கும் என் வயதுதான் இருக்கும். வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே, "வாங்கோ, வாங்கோ! யாத்ரை சுகமா இருந்துதா?" என்றாள். அவளுடைய முன்னோர் திருநெல்வேலியிலிருந்து கோவில் வேலைக்கு வந்தவர்களாம். வீட்டுக்குள் பழைய தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம், போனில் ஆங்கிலம் என்று மூன்று மொழியையும் ஒரே மூச்சில் மாற்றிக்கொண்டிருந்தாள். அவள் கணவர் ரமணிக்குக் கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் நிறுவனத்தில் வேலை. அவர்தான் பரிமாறினார். எரிசேரி என்ற பூசணிக் கூட்டில் தேங்காயை வறுத்துப் போட்டிருந்த மணத்துக்கு நான் இரண்டாம் தடவையும் சோறு கேட்டேன்.

மறுநாள் ஆய்வுக்கூடம். கோமதியின் ஸ்கூட்டர் பாதி வழியில் பஞ்சர். நெடுஞ்சாலை ஓரத்தில் அதை ஒருவர் ஒட்டிக்கொண்டிருக்க, கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் பிள்ளைகள் எங்கள் பக்கம் திரும்பாமலே நூற்றுக்கணக்கில் போய்க்கொண்டிருந்தார்கள். கழக்கூட்டத்தில் எல்லோரும் ஏதோ ஒன்றுக்குப் பிந்திப்போனவர்கள் போலத்தான் நடக்கிறார்கள்.

உயிருள்ள பாசியை எல்லை தாண்டிக் கொண்டுவர எனக்கு அனுமதி இல்லை. ஆனால் அதே இனம் கோமதியிடம் இருந்தது. இரண்டு கண்ணாடித் தகடுகளை உருப்பெருக்கியில் மாற்றி மாற்றி வைத்தாள். நிழலில் வளர்ந்ததில் சுருள்கள் தளர்ந்து, இழுத்துவிட்ட ஸ்பிரிங் போல இருந்தன. கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சத்தைக் கூட்டி வளர்த்ததில் வளைவுகள் நெருங்கி ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன.

"வெளிச்சம் கூடக்கூட இது தன்னைச் சுருட்டிக்கும். ஒரு வளைவோட நெழல் அடுத்த வளைவு மேல விழும். தனக்குத் தானே குடை பிடிக்கறதாக்கும்," என்றாள் கோமதி.

"அப்ப என்ர தொட்டியில ஏன் பிடிக்கேல்லை?"

"நேரம் கிட்டலை. ரூமுக்குள்ள இருந்ததை நீங்க ஒரே நாள்ல வெயில்ல எறக்கினா அது என்ன பண்ணும்?"

பிறகு மதில்களைப் பற்றிக் கேட்டேன். கறுப்பாகத் தெரிகிற பாசி தன் உறையில் பழுப்பு நிறச் சாயம் ஒன்றைச் சேர்த்து வைக்கிறதாம். சூரியனின் புற ஊதாக் கதிரை அந்தச் சாயமே வாங்கிக்கொள்ளும். உள்ளே இருக்கிற உயிருக்குக் கொஞ்சம்தான் போய்ச் சேரும். சில பாசிகள் காரட்டில் இருக்கிற ஆரஞ்சுச் சாயத்தைப் பூசிக்கொள்ளும். சில அசைந்து அசைந்து ஆழத்துக்கு இறங்கிவிடும். இவ்வளவையும் மீறிக் கதிர் உள்ளே போய் மரபணு இழையைச் சேதப்படுத்தினால், அதைப் பழுது பார்க்க ஒரு நொதி இருக்கிறது. அந்த நொதி வேலை செய்வதற்கு நீல வெளிச்சம் வேண்டும்.

"வெயில் உடைச்சதை ஒட்டவும் வெயில்தான் வேணுமோ?"

"ஆமாம். ஆனா உடைக்கற வேகம் ஒட்டற வேகத்தைத் தாண்டிடுத்துன்னா, கதை முடிஞ்சுது."

இதைத்தான் நான் எதிர்பார்த்து வந்தேன். என் பாசிக்கு வெயிலோடு பகை இல்லை, அவகாசம்தான் இல்லை. அந்த அலுவலரின் மோட்டார் சைக்கிளை வழி மறித்து அப்போதே சொல்ல வேண்டும்போல இருந்தது.

மத்தியானம் கழக்கூட்டத்துச் சாப்பாட்டுக்கடையில் மரவள்ளிக்கிழங்கும் மீன்கறியும். இங்கே அதன் பெயர் கப்பை. மிளகாய் எங்களுடையதுபோல உறைக்கவில்லை, குடம்புளி மட்டும் நாக்கைப் பிடித்தது. குடிக்கக் கொடுத்த வெந்நீர் ரோஜா நிறத்தில் இருந்தது. குழாயில் துரு என்று நினைத்து டம்ளரைத் தள்ளி வைத்தேன். கோமதி சிரித்தாள். ஏதோ மரத்தின் சிராயைப் போட்டுக் காய்ச்சுகிறார்களாம். பக்கத்து மேசையில் வெளுத்த சட்டையோடு இருந்த பெரியவர் மலையாளத்தில் தன் கூட்டாளியிடம், "புதுசாக வருகிறவர்கள் எல்லாரும் முதலில் இந்தத் தண்ணீரைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள்," என்றார். நான் அவரைப் பார்த்துக்கொண்டே முழு டம்ளரையும் குடித்தேன்.

அடுத்த நாட்கள் கோமதியின் மொட்டைமாடியில் கழிந்தன. மூன்று பிளாஸ்டிக் தொட்டிகள். ஒன்றில் பாசியைத் தண்ணீர் சேர்த்துத் தளரவிட்டோம், நாங்கள் ஊரில் செய்வதுபோல. இரண்டாவதில் கெட்டியாக விட்டு அசைக்காமல் வைத்தோம். மூன்றாவதில் அதே கெட்டி, அடிக்கடி கலக்குவது. அந்த வாரம் வெயிலில் நிற்க வேண்டாம் என்று அரசாங்கத்திலிருந்து போனுக்கு எச்சரிக்கை வந்துகொண்டிருந்தது. நாங்கள் குடை பிடித்துக்கொண்டு மாடியில் நின்றோம். கோமதி ஆய்வுக்கூடம் போகிற நேரத்தில் வீட்டிலிருந்து வேலை செய்த ரமணி, காதில் ஹெட்போனோடு வந்து தோசைக்கரண்டியால் மூன்றாவது தொட்டியைக் கலக்கினார்.

"மீட்டிங்ல கேமரா ஆஃபாக்கும். பயப்படாதேங்கோ," என்றார்.

இரண்டாம் நாள் முடிவதற்குள் தளர்ந்த தொட்டி எனக்கு நன்றாகத் தெரிந்த அந்த நிறத்துக்கு வந்தது. பச்சையிலிருந்து இறங்கி, பழைய வைக்கோல் தண்ணீர்போல. கலக்காத தொட்டியில் மேலே ஆடைபோல மஞ்சள், கீழே பச்சை. கலக்கியது முழுப் பச்சை. கெட்டியாக இருக்கும்போது மேலே நிற்கிற நூல் கீழே இருக்கிறதற்கு நிழல். கலக்கக் கலக்க வெயில் தாங்குகிற முறை எல்லோருக்கும் மாறி மாறி வருகிறது. நான் ரமணியின் கையைப் பிடித்துக் குலுக்கினேன், கரண்டியோடு சேர்த்து.

கோமதி குலுக்கவில்லை. "ஒரு தடவை பண்ணினது ப்ரூஃப் ஆகாது, கேட்டேளா? தொட்டி சின்னது. உங்க தண்ணி வேற, சூடு வேற."

"நீங்க ஆய்வுக்கட்டுரை எழுதுங்கோ. எனக்கு என்ர தொட்டி பிழைச்சால் காணும்."

"பிழைக்கும்னு அவ்வளவு நிச்சயமா?"

"நிச்சயம்," என்றேன். சொல்லும்போது அப்படித்தான் இருந்தது.

அடுத்த நாள் கோமதி என்னைப் பொன்முடிக்குக் கூட்டிப் போனாள். பஸ் கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பும்போதெல்லாம் முன் இருக்கைக் கம்பியை இறுக்கிப் பிடித்தேன். வன்னியில் மலை என்று ஒன்று கிடையாது. எங்கள் சாலையில் நின்றால் வருகிற பஸ் அரை மணி நேரத்துக்கு முன்பே தெரியும். இங்கே எதிரே வருகிற லாரி, முட்டுவதற்கு முன்புதான் தெரிகிறது. திரும்பிப் போகிற பஸ்ஸைத் தவறவிட்டால் பிறகு கஷ்டம் என்று நாங்கள் இறங்கும்போது கண்டக்டர் எச்சரித்தார்.

மேலே ஒரு பாழ்கட்டடம். வெயில் படுகிற சுவர் முழுவதும் ஆரஞ்சு நிறம், வெல்வெட் போல மயிர் மயிராக. துரு என்று நினைத்துத் தொட்டேன், மெத்தென்று இருந்தது. கோமதி மூலை திரும்பி மரத்தடியில் இருந்த சுவரைக் காட்டினாள். அதே பாசி, பச்சையாக.

"ரெண்டும் ஒரே ஆளாக்கும். அந்தப் பக்கம் வெயில் ஜாஸ்தி, சாயம் பூசிண்டிருக்கு. இங்கே தேவையில்லை."

அந்த மூலையில் நின்று இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தேன். அப்போதுதான் போன் அடித்தது. புஷ்பம். எங்கள் ஆறு பேரில் இளையவள், நான் இல்லாதபோது தொட்டியைப் பார்க்கிறவள்.

"யோகாக்கா, வலை..." என்றாள். துண்டித்துக்கொண்டது.

நான் திருப்பி அழைத்தேன், போகவில்லை. மறுபடி அழைத்தேன். எதிரே தேநீர்க்கடையில் இருந்த பெண் என்னைக் கவனித்துக்கொண்டிருந்தாள். தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புத் தமிழ்ப் பெண். "இங்க ரேஞ்சு கிட்டாதுக்கா. அந்தப் பாறை மேல ஏறுங்க. செருப்பக் கழட்டிட்டு ஏறுங்க, வழுக்கும்," என்றாள். செருப்பைக் கழற்றினேன். கோமதி பின்னாலிருந்து என் முழங்கையைப் பிடித்துக்கொள்ள, ஏறினேன்.

"புஷ்பம், கத்தாதை. என்ன நடந்தது எண்டு சொல்லு."

"விடியக் காத்தடிச்சு நிழல் வலை கிழிஞ்சு போச்சு அக்கா. கம்பும் விழுந்திட்டுது. வெயில் நேரா தொட்டிக்குள்ள விழுது. ஓரத்தில நிறம் மாறுது. நான் குழாயைப் போட்டுத் தண்ணி விடப்போறன், சூடு தணியட்டும்."

"விடாதை!" நான் போட்ட சத்தத்தில் கடைக்காரப் பெண் வெளியே வந்துவிட்டாள். "ஒரு சொட்டும் விடாதை. தளர்ந்தா செத்துப்போம். கெட்டியா இருந்தாத்தான் ஒண்டுக்கு ஒண்டு நிழல். அந்த நீலப் பீப்பாவள் இருக்கு, ஆழமானது, எல்லாத்தையும் அதுக்குள்ள அள்ளி ஊத்துங்கோ. மற்றாக்களையும் கூப்பிடு. மேல சீலை கட்டு, ரெண்டு மடிப்பா. காத்துப் போக இடம் விடு. ஆள் மாறி ஆள் நிண்டு கலக்குங்கோ."

"யாற்ற சீலை?"

"என்ரை வீட்டுக் கொடியில கிடக்கிறதை எடு!"

"அக்கா, அள்ளேக்க மிச்சமும் செத்திட்டா? அலுவலர் தண்ணிதான் பிழை எண்டவர்..."

இருந்த பாசி எல்லாம் அந்த ஒரு தொட்டிதான். நான் பார்த்தது மூன்று பிளாஸ்டிக் தொட்டிகள், அதுவும் வேறு ஊர்த் தண்ணீரில். கீழே நின்ற கோமதியைப் பார்த்தேன். அவள் சரி என்று தலையை ஒரு தடவை ஆட்டினாள்.

"நான் கண்ணால பாத்திட்டுத்தான் சொல்லுறன். அள்ளுங்கோ," என்றேன்.

இறங்கி வந்தபோது பஸ் போயிருந்தது. கடைக்காரப் பெண் கேட்காமலே தேநீர் தந்தாள். பிறகு கீழே போன ஒரு பிக்கப் வண்டியை நிறுத்தி, எங்களைப் பின்னால் ஏற்றிவிட்டதும் அவள்தான். அதில் கட்டட வேலைக்கு வந்த தென்காசிக்காரர்கள் ஐந்தாறு பேர், சிமெண்டுத் தூசியோடு. ஒருவர் தன் சாக்கை மடித்து எனக்கு உட்கார இடம் கொடுத்தார்.

"ஊர்ல யாருக்கும் முடியலையாம்மா? முகமே சரியில்லயே," என்றார்.

"பாசிக்கு," என்றேன்.

அவர் கோமதியைப் பார்த்தார். கோமதி விளக்கினாள். கேட்டு முடித்ததும் அவர், "பாசிக்கா இம்புட்டு விசனம்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்த வளைவில் அவர் தூக்குவாளியைத் திறந்து முறுக்கு நீட்டினார்.

அன்று மாலை கிளிநொச்சிக்குப் போன் போகவில்லை. அங்கே மின்சாரம் இல்லை போலும். கோமதி அரிசிச் சேவை பிழிந்தாள். ரமணி அலுவலகக் கதை சொன்னார். எனக்கு எதுவும் உள்ளே போகவில்லை. "உங்களை நம்பி அவா எல்லாத்தையும் அள்ளிட்டா. அது சாதாரணமில்லை," என்றாள் கோமதி, ஆறுதலாகவா எச்சரிக்கையாகவா என்று தெரியவில்லை.

"பிழைக்கும்," என்றேன். முதல் தடவை சொன்னதைவிடக் குரல் தாழ்ந்திருந்தது.

மறுநாள் காலை, கோமதி வீட்டுக் கிணற்றடியில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது புஷ்பத்தின் அழைப்பு வந்தது. நுரையோடு போனைக் காதில் வைத்தேன்.

"மேல கொஞ்சம் மஞ்சள் நுரை, அள்ளி எறிஞ்சிட்டம். கீழ பச்சை அக்கா."

"எப்பிடிப் பச்சை?"

"வெத்திலைப் பச்சை. ஒரு பீப்பா மட்டும் வெளிறிப்போச்சு, கடைசியா அள்ளினது. மிச்சம் எல்லாம் நல்லாயிருக்கு. உங்கட ஊதாச் சீலைதான் பாழ்."

கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். கோமதி சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். என் வாயில் இருந்த நுரையைப் பார்த்து மயக்கம் என்று நினைத்துவிட்டாள். நான் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினேன். அவள் அங்கேயே நின்று இரண்டு கைகளையும் தட்டினாள், சின்னப் பிள்ளைபோல. மாடியில் அவள் குலுக்காத கை இப்போது என் தோளைப் பிடித்து உலுக்கியது.

ஊருக்குத் திரும்பியதும் பெரிய தொட்டியை ஒரேயடியாக நிரப்பவில்லை. முதலில் ஒரு மூலையைத் தடுத்து, பீப்பாப் பாசியைக் கெட்டியாக விட்டோம். முதல் நாட்களில் இரண்டு மடிப்பு நிழல், பிறகு ஒரு மடிப்பு, பிறகு காலை வெயில் மட்டும். பாசி பெருகப் பெருகத் தடுப்பை நகர்த்தினோம். மாதர் சங்கத்தார் வந்து பார்த்தார்கள். தலைவி விரலைத் தோய்த்துப் பார்த்துவிட்டு, தையல் மெஷின்களைப் பள்ளிக்கூட மண்டபத்தில் போடலாம் என்றார்.

முதல் அறுவடையன்று கோமதியை வீடியோவில் கூப்பிட்டுத் தொட்டியைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தாள்.

"ரொம்ப நன்னாருக்கு. ஆனா யோகேஸ்வரி, நெழல், ஆழம், கலக்கறது, மூணையும் ஒண்ணாப் பண்ணிட்டேள். எது காப்பாத்தித்துன்னு தெரியாதே. ஒண்ணொண்ணா எடுத்துட்டுப் பார்க்கணும்."

"வாங்கோ, பாப்பம். உங்களுக்கெண்டு வேற பீப்பா தாறன். இந்தத் தொட்டியில கை வைக்க விடமாட்டன்."

"சரி, பீப்பா போறும். சம்பலும் வேணும்," என்றாள்.

எனக்குப் பின்னால் அவர்கள் பாசியை வடிதுணியில் ஊற்றத் தொடங்கியிருந்தார்கள். ஐந்து பேர் சுற்றிப் பிடித்தும் ஒரு மூலை தாழ்ந்து சரிந்தது.

"அக்கா, கதைச்சது காணும். வந்து இந்தத் தலைப்பைப் பிடியுங்கோ!" என்று புஷ்பம் கத்தினாள்.

போனைத் தொட்டி விளிம்பில் வைத்துவிட்டு ஓடிப்போய்ப் பிடித்தேன். நல்ல பாரம்.